நீர் சூழ்ந்த பகுதிக்குச் சிக்கனப் பயணம்

எங்கள் தண்ணீர் வாரியத்தில் ஊழியர் நலனுக்கென்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. மூன்றாவது மாடி. லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும். மிச்ச மாடியை மூச்சு வாங்க ஏறி வருகிறவனுக்குத்தான் நலன் உண்மையிலேயே தேவைப்படுகிறது என்பது அவர்கள் கொள்கையாக இருக்கலாம். அதை மட்டும் அவர்கள் எழுதி வைக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதி, எண் போட்டு, கண்ணாடிப் பலகைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அந்தப் பலகைக்குள் பதினான்கு வருடமாக ஒரு தாள் மஞ்சளித்துக்கொண்டிருந்தது. தலையில் ஒரு விமானப் படம். அதன் கீழே, நெடுஞ்சேவை ஊழியர் சிக்கன வெளிநாட்டுப் பயணத் திட்டம். இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவரும் அவர் துணைவரும் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் ஒரு முறை போய்வரலாம், விமானக் கட்டணம் வாரியத்தினுடையது. நிபந்தனை ஒன்றே ஒன்று, பயணம் சிக்கனமாக இருக்க வேண்டும். பதினான்கு வருடத்தில் ஒரு ஈ காக்கை கூட இந்தத் திட்டத்தில் பறந்ததில்லை. இதைவிடச் சிக்கனமாக ஒரு திட்டத்தை யாராலும் நடத்த முடியாது.

முதல் முதலாக இதை நம்பியவர் எங்கள் மீட்டர் அண்ணன்.

நானும் அவரும் பட்டறையில் அடுத்தடுத்த மேசை. வீடுகளிலிருந்து கழற்றி வரும் தண்ணீர் மீட்டர்களைக் குழாயில் மாட்டி, அளந்த நூறு லிட்டரை அதன் வழியே விட்டு, முள் நூறு காட்டுகிறதா என்று பார்ப்பது வேலை. காட்டினால், பில் அதிகம் என்று வீட்டுக்காரர் சொல்வது பொய். காட்டாவிட்டால் மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக முள்ளைப் பார்த்துப் பார்த்து, எங்கேயாவது ஏதாவது எழுதியிருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஆளாகிவிட்டார். இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் அலுவலகங்கள் பிழைக்கின்றன.

அண்ணி அப்படி இல்லை. அவர் ஒரு தையல் தொழிற்சாலையில் நீச்சல் உடை தைக்கிறார். உடை தைத்து முடித்ததும் ஒரு அட்டைத் துண்டை நூலில் கோத்துக் கட்ட வேண்டும். அட்டையில் மத்தியதரைக் கடலில் உள்ள ஒரு தீவின் படம். வெள்ளை வீடுகள், நீலத் தண்ணீர், பெயர் பொடி எழுத்தில். ஒரு நாளைக்கு முந்நூறு முறை அந்தத் தீவைக் கையில் எடுத்துக் கட்டிவிட்டு, மாலையில் பேருந்தில் நின்றுகொண்டே வீட்டுக்கு வருவார். பதினெட்டு வருடமாக இப்படி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் அண்ணி தண்ணீர் பார்க்கும் இடமாக எங்கேயாவது கூட்டிப் போகச் சொன்னாராம். அண்ணன் அலுவலக அனுமதிச் சீட்டு வாங்கி நீரேற்று நிலையத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். சுற்றிலும் கம்பி வேலி. வேலியில் இருபது அடிக்கு ஒரு பலகை, "நீரைத் தொடாதீர்". அண்ணி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு மணி நேரம் தண்ணீரைப் பார்த்தார். அண்ணன் அந்த ஒரு மணி நேரமும் வடிகட்டும் முறையை விளக்கினார். அதைப் பற்றி அண்ணி எப்போதும் குறை சொன்னதில்லை. சிரிப்பார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கும்.

அண்ணனுக்கு இருபத்தைந்து வருடம் முடிந்ததும் மஞ்சள் தாளைக் கண்ணாடிப் பலகை முன்னால் நின்று பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு போய் அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி அட்டையைக் காட்டினார். அங்கேதான்.

அண்ணிக்கு வருடத்தில் பதினான்கு நாள்தான் விடுமுறை. அக்டோபரில் தொழிற்சாலையை மூடி எந்திரங்களைப் பழுது பார்ப்பார்கள், அப்போதுதான் எல்லாருக்கும். அதற்கு முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. அடுத்த வருடம் எந்திரமே புதிது வரப்போகிறது, மூடமாட்டார்கள் என்று பேச்சு வேறு. ஆகவே இந்த அக்டோபரின் பதினான்கு நாள்தான் கணக்கு.

பிப்ரவரியிலேயே அண்ணி சமையலறையில் ஒரு நோட்டும் போனுமாக உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது அந்த நோட்டைப் பார்த்தேன். எங்கள் வாரியத்தின் எந்த அறிக்கையிலும் நான் காணாத தெளிவு அதில் இருந்தது. வெள்ளி, சனி புறப்பட்டால் விலை ஏறுகிறது, செவ்வாய் புறப்பட வேண்டும். நேராகப் போகிற விமானம் நம் கைக்கு எட்டாது, இரண்டு இடத்தில் மாற வேண்டும். ஒரு நிலையத்தில் பதினொரு மணி நேரம் காத்திருக்கத் தயார் என்றால் விலை பாதி. தீவிலேயே இறங்குவதற்கு விலை அதிகம், எதிர்க்கரைத் துறைமுக நகரத்தில் இறங்கிக் கப்பல் பிடித்தால் மறுநாள் காலையில் தீவு. பெட்டி போட்டால் தனிக் கட்டணம், ஏழு கிலோ கைப்பை மட்டும் என்றால் இல்லை. அக்டோபரில் அங்கே கூட்டம் குறைந்து அறை வாடகை இறங்கிவிடும், தண்ணீரில் கோடையின் சூடு மட்டும் மிச்சம் இருக்கும்.

கடைசிப் பக்கத்தில் அன்றைய விலையை எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்.

"இன்னைக்கே வாங்கிடலாங்க," என்றார் அண்ணி. "சேத்து வச்சதுல ஒண்ணு வரும். இன்னொண்ணுக்குக் கடன் கேட்டுக்கலாம். ஆபீஸ் குடுத்தா அடைச்சிடலாம்."

அண்ணன் தலையை ஆட்டினார். ஒன்பதாம் விதி. அனுமதி கிடைக்குமுன் பயணச்சீட்டு வாங்கினால் சலுகை ரத்து. அவர் விதியை மனப்பாடமாகச் சொன்னார், அதில் ஒரு பெருமையும் தெரிந்தது. ஒரு மாதம் பொறுத்துக்கொள், வாரியமே வாங்கிக் கொடுக்கும் என்றார். அண்ணி நோட்டை மூடினார்.

நல அதிகாரி விண்ணப்பத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று அண்ணனுக்குக் கை கொடுத்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பதினான்கு வருடத்தில் முதல் விண்ணப்பம். அதை எந்தக் கோப்பில் போடுவது என்று முடிவு செய்யவே மூன்று வாரம் ஆயிற்று. பிறகு முதல் கடிதம் வந்தது. சிக்கனத்தை நிரூபிக்க, மூன்று விமான நிறுவனங்களிடமிருந்து தொண்ணூறு நாளைக்கு மாறாத விலைப்புள்ளிகளை அரக்கு முத்திரையிட்ட உறையில் வாங்கி வரவும்.

எங்கள் வாரியம் குழாய் வாங்குவது அப்படித்தான். நாற்காலி வாங்குவதும் அப்படித்தான். விமானத்தில் இரண்டு இருக்கையும் நாற்காலிதானே என்று நினைத்துவிட்டார்கள். அண்ணன் மூன்று நிறுவனங்களுக்குப் பதிவுத் தபால் அனுப்பினார், உறைக்குள் அரக்குக் குச்சியும் வைத்து. ஒரு நிறுவனம் பதில் போடவில்லை. இன்னொன்று, தற்சமயம் எங்களிடம் வேலை காலி இல்லை என்று எழுதியது. மூன்றாவது நிறுவனம் அரக்கைத் திருப்பி அனுப்பியிருந்தது, சந்தேகத்துக்குரிய பொருள் என்று குறிப்போடு.

அண்ணன் மூன்றாவது மாடிக்குப் போய், விமான விலை மணிக்கு மணி மாறும் சார் என்று விளக்கினார். நானும் கூடப் போயிருந்தேன். நல அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கோபப்படாத மனிதர், அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து.

"விலைன்னா ஒரு எடத்துல நிக்கணுங்க," என்றார். "நிக்காத விலைய நாங்க எப்படி ஒப்பிடுறது? அது நிக்கட்டும். அதுவரைக்கும் நாங்க காத்திருக்கத் தயார்."

காத்திருந்தார்கள். ஏப்ரல் போயிற்று. இதற்கிடையில் விசாவுக்கு அண்ணனும் அண்ணியும் விண்ணப்பித்தார்கள். முன்பின் பார்த்திராத வெளிநாட்டுக்காரன் இரண்டு பேருடைய சம்பளச் சீட்டையும் விடுமுறைக் கடிதத்தையும் பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் விசாவைக் குத்திக் கொடுத்துவிட்டான். இருபத்தைந்து வருடமாகத் தினமும் பார்க்கிற எங்கள் வாரியத்துக்குத்தான் இவர்கள் யார், எதற்குப் போகிறார்கள் என்ற சந்தேகம் தீரவில்லை.

மே மாதம் கோப்பு தணிக்கை அதிகாரியிடம் போயிற்று. அவர் விண்ணப்பத்தில் சேருமிடம் என்ற இடத்தைப் படித்துவிட்டுச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். தீவு. தீவு என்றால் நான்கு பக்கமும் தண்ணீர். எங்கள் விதிப் புத்தகத்தில் நான்கு பக்கமும் தண்ணீர் உள்ள இடத்துக்கு ஒரே ஒரு பிரிவுதான் உண்டு. நீர் சூழ்ந்த பகுதிகள், வெள்ள நிவாரணப் பிரிவு, நாற்பத்திரண்டாம் விதி. அப்படிப்பட்ட பகுதிக்கு வாரிய ஊழியர் எவரும் உல்லாசமாகப் போகக் கூடாது. மீட்புப் பணிக்காகப் போகலாம். போகும்போது முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ், முப்பது மீட்டர் கயிறு, டார்ச் விளக்கு, ஐந்நூறு குளோரின் மாத்திரை எடுத்துச் செல்ல வேண்டும்.

அந்தத் தீவில் வெள்ளம் இல்லை சார், அது எப்போதுமே அப்படித்தான் இருக்கிறது என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார். எப்போதிலிருந்து நீர் சூழ்ந்துள்ளது, வடிவதற்கு ஏதாவது நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்று கேட்டுப் பதில் வந்தது.

அண்ணன் மீட்டர் பார்க்கிற ஆள். வாதாடத் தெரியாது, அளக்கத் தெரியும். கிடங்கில் போய் இரண்டு ஜோடி பூட்ஸ், கயிறு, டார்ச், மாத்திரை எல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கி, பட்டறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார். பதினொரு கிலோ. சிக்கனச் சீட்டில் ஒருவருக்கு அனுமதி ஏழு கிலோ. இரண்டு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒன்றரைக் கிலோவுக்குத் துணி எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு எழுதி, தராசின் துல்லியச் சான்றிதழையும் இணைத்து மேலே அனுப்பினார். இது எப்பேர்ப்பட்ட மடத்தனம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. எனக்கு உறைத்தது. ஆனால் அந்தத் தராசுக்குச் சான்றிதழ் எழுதியவன் நான்தான்.

ஜூலையில் பதினொரு மணி நேரம் வந்தது. நடு வழியில் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பதினொரு மணி நேரம் ஊழியர் என்ன நிலையில் இருப்பார் என்று தணிக்கை கேட்டது. பயணத்தில் இருக்கிறார் என்றால் நகர வேண்டும், அவர் நகரவில்லை. விடுமுறையில் இருக்கிறார் என்றால் சேருமிடத்தில் இருக்க வேண்டும், அவர் சேரவில்லை. ஆகவே அவர் பணியில்தான் இருக்கிறார். பணியில் இருப்பவர் மணிக்கொரு முறை வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, அந்த விமான நிலையத்தில் தமக்குச் சமமான அல்லது மேலான பதவியில் உள்ள ஒருவரின் ஒப்பத்தைப் பெற வேண்டும். பதிவேட்டின் நகலையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். இரண்டரைக் கிலோ.

அண்ணியிடம் அண்ணன் ஒவ்வொன்றையும் வந்து சொல்வார். அண்ணி கேட்டுக்கொள்வார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் விலையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார், அது தனக்கு நிம்மதியாக இருக்கிறது என்று அண்ணன் என்னிடம் சொன்னார். பெண்கள் பேச்சை நிறுத்தினால் ஆண்களுக்கு நிம்மதி வருகிறது. எதற்காக நிறுத்தினார்கள் என்று கேட்கிற புத்தி வருவதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வழி பிறந்தது. இத்தனை சிக்கல் உள்ள இடத்தை நேரில் பார்க்காமல் முடிவெடுப்பது பொறுப்பற்ற செயல் என்று மூவர் குழு ஒன்றை அமைத்தார்கள். நல அதிகாரி, தணிக்கை அதிகாரி, இவர்கள் இருவரும் ஒத்துப்போனால் அதற்கு ஒத்துப்போவதற்காக ஒரு மூன்றாவது உறுப்பினர். களஆய்வுக்குப் பத்து நாள். பதினான்கு வருடமாகச் செலவாகாமல் சேர்ந்திருந்த திட்ட ஒதுக்கீடு அதற்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது.

புறப்படும் நாளில் நல அதிகாரி பட்டறைக்கே வந்து அண்ணனிடம் விடைபெற்றார்.

"ஊழியர் நலன்னா என்னன்னு நெனைக்கிறீங்க?" என்று எங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். "அவர் போய்க் கஷ்டப்படுறதுக்கு முன்னாடி நாங்க போய்க் கஷ்டப்படுறது. நேர் விமானத்துலதான் போறோம். ரெண்டு எடத்துல மாறிப் போனா களைச்சுப் போயிடுவோம். களைச்ச கண்ணுக்குச் சிக்கனம் சரியாத் தெரியாது."

அண்ணன் அவருக்கு அண்ணியின் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். எந்தக் கரையில் தண்ணீர் ஆழம் குறைவு, எந்தத் தெருவில் அறை மலிவு என்று அண்ணி எழுதி வைத்திருந்த பக்கம். உபயோகமாக இருக்கும் சார் என்றார். நான் கையில் இருந்த மீட்டரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனேன். இல்லாவிட்டால் யார் தலையிலாவது போட்டிருப்பேன், அது அண்ணன் தலையாகவும் இருந்திருக்கலாம்.

குழு மூக்கு உரிந்து, தோள் சிவந்து, நல்ல ஆரோக்கியத்தோடு திரும்பியது. அறிக்கை தயாராக இன்னும் மூன்று வாரம். அதைக் கூட்ட அரங்கில் திரை போட்டுக் காட்டினார்கள், அண்ணனை முன் வரிசையில் உட்கார வைத்து. அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் அண்ணியின் தொழிற்சாலை மூடுகிறது.

அறிக்கையை நல அதிகாரி வாசித்தார். சேருமிடம் நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்டிருப்பதைக் குழு படகில் சுற்றி வந்து உறுதி செய்தது. கடல், விண்ணப்பதாரர் கூறியபடி, நீலமாக உள்ளது. நீரின் வெப்பம் குளிப்பதற்கு ஏற்றது, இதனை மூன்று உறுப்பினர்களும் தனித்தனியாகவும் பிறகு சேர்ந்தும் நாள்தோறும் சோதித்தனர். விண்ணப்பதாரரின் துணைவர் குறித்துத் தந்த கரை மிகவும் பயனுள்ளதாக இருந்தது. திரையில் படம் வந்தது. நல அதிகாரி, தணிக்கை அதிகாரி, மூன்றாமவர், கழுத்து வரை நீலத்தில். அண்ணன் அவ்வளவு ஆர்வத்தோடு அந்தப் படத்தைப் பார்த்தார். தன் விண்ணப்பம் சரிபார்க்கப்பட்டதில் அவருக்குத் திருப்தி.

பிறகு முடிவுரை. குழு ஒரு பாட்டிலில் கொண்டுவந்த கடல் நீரை எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்திருந்தார்கள். உப்பின் அளவு வாரியம் அனுமதிக்கும் அளவைவிட எழுபது மடங்குக்கு மேல். இப்படித் தரம் குறைந்த நீர்நிலைக்குத் தன் ஊழியரைக் குடும்பத்தோடு அனுப்ப வாரியத்தின் மனசாட்சி இடம் தராது. ஆனால் ஊழியரின் ஆசையும் முக்கியம். ஆகவே அதே அம்சங்கள் கொண்ட, தரமான நீரால் நான்கு பக்கமும் சூழப்பட்ட இடம் ஒன்றை வாரியம் தன் எல்லைக்குள்ளேயே கண்டுபிடித்திருக்கிறது. நீரேற்று நிலையத்தில், வடிகட்டிய நீரைத் தேக்கும் தெளிவுக் குளத்தின் நடுவில் உள்ள பம்ப் அறை. பக்கத்திலேயே விருந்தினர் அறை. இரண்டு பேர், மூன்று நாள், போக வர வாரிய ஜீப். ரப்பர் பூட்ஸ் கட்டாயமில்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாதவர் பெயரைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் அரங்கில் உண்டு.

அன்று மாலை அண்ணன் ஆணையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். என்னையும் கூட வரச் சொன்னார், தனியாகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. அண்ணி கூடத்தில் ஒரு கைப்பையைத் திறந்து வைத்து மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் ஆணையை முழுக்க வாசித்தார். பம்ப் அறை என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது.

அண்ணி அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். கைப்பையின் உள் அறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அதன் மேல் வைத்தார். விமானச் சீட்டு. செவ்வாய்க்கிழமை, இரண்டு இடத்தில் மாறி, பதினொரு மணி நேரம் காத்திருந்து. ஒருவருக்கு.

"நீங்க அரக்கு வாங்கப் போன அன்னைக்கே வாங்கிட்டேன்," என்றார். "சேத்து வச்சதுல ஒண்ணுதான் வந்துச்சு. கடன் கேக்க மனசு வரல. உங்களுக்குத்தான் ஆபீஸ் குடுக்கும்னீங்களே. உங்க சீட்டு வந்ததும் பக்கத்துப் பக்கத்து எடமாக் கேட்டு வாங்கிக்கலாம்னு ஏழு மாசமா வச்சிருந்தேன்."

அண்ணன் போனை எடுத்து விலை பார்த்தார். அதுவரை அவராக ஒரு முறை கூடப் பார்த்ததில்லை. புறப்பட நான்கு நாள் இருக்கும்போது அந்த இருக்கை பிப்ரவரி விலையில் ஐந்து மடங்கு. அவர் போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அந்த இடத்தில் நிற்க வெட்கமாக இருந்தது, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் அண்ணியை விமான நிலையத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்தே ஜீப்பில் நீரேற்று நிலையம் போனார். போகாவிட்டால் சலுகையைப் பயன்படுத்தியதாகவே கருதப்படும் என்று ஆணையில் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பார்க்கப் போனேன். அறையில் இரண்டு கட்டில், ஒன்றில் விரிப்பு கலையவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேலி, பலகை, பலகைக்கு அப்பால் தண்ணீர். அண்ணன் போனைக் காட்டினார். அண்ணி முழங்கால் வரை கடலில் நின்று, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருக்கிறார். கண் கூசுவதால் ஒரு கண்ணை மூடியிருக்கிறார். கீழே ஒரு வரி. "இங்க வேலி இல்லைங்க."

அவர் அதை எத்தனை முறை படித்திருப்பார் என்று தெரியாது. நான் இருந்த அரை மணி நேரத்தில் நான்கு முறை படித்தார்.

பயண நிறைவு அறிக்கையில் துணைவர் உடன் வராததற்கு ஆதாரத்துடன் காரணம் கேட்டிருந்தார்கள். அண்ணன் உண்மையைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாதவர். என் மனைவி தன் சொந்தச் செலவில் மேற்படி தீவுக்குச் சென்றிருக்கிறார் என்று எழுதி, அந்தப் படத்தை இணைத்துக் கொடுத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து நலநாள் விழா. அரங்கின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு சுவரொட்டி. அண்ணி கடலில் நிற்கிறார், சேலையைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி. அவர் பக்கத்தில் அண்ணன். அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையையும் தோளையும் எடுத்து, கீழே யாருடைய காலையோ ஒட்டி, அந்தக் காலுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுக் கடலில் நிற்க வைத்திருந்தார்கள். மேலே எழுத்து: எங்கள் சிக்கனப் பயணத் திட்டத்தின் முதல் பயனாளிகள். வாரியத்துக்கு ஆன செலவு: இல்லை.

"ஒரு திட்டம் வெற்றின்னு எப்ப சொல்லணும்?" என்று நல அதிகாரி மேடையில் கேட்டார். "நாம குடுத்து ஒருத்தர் போறது பெரிசில்ல. நாம குடுக்காமலே ஒருத்தர் போற அளவுக்கு அவங்க மனசுல ஆசைய வளக்கணும். அதைத்தான் நாங்க பதினாலு வருஷமா செஞ்சோம்." பிறகு விழாவுக்கு வந்திருந்த அண்ணியை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்.

அண்ணி மேடைக்குப் போகவில்லை. எழுந்து, கதவு திறந்திருந்த வாசலுக்குப் போனார். கைப்பையிலிருந்து நூல் கத்தரியை எடுத்தார். சுவரொட்டியில் அண்ணனின் தோளில் கத்தரியை வைத்து, துணி வெட்டுகிற கை பதறாமல், விளிம்பு பிசகாமல், தலை, காது, சட்டை, பூட்ஸ் என்று சுற்றி வெட்டி எடுத்தார். வெட்டிய அண்ணனை நான்காக மடித்துக்கொண்டு வந்து, முன் வரிசையில் இருந்த அண்ணன் கையில் கொடுத்தார்.

"இவர் அங்க வரலங்க," என்று நல அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். "வந்திருந்தா இவர் காலும் நனைஞ்சிருக்கும்."

அவ்வளவுதான் பேசினார். உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது உறுப்பினர் பழக்க தோஷத்தில் கை தட்டிவிட்டு, பக்கத்தில் யாரும் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுவாரம் அண்ணனுக்கு மெமோ வந்தது. வாரியச் சொத்தாகிய சுவரொட்டிக்குத் தங்கள் துணைவரால் சேதம் விளைவிக்கப்பட்டுள்ளது. அதே அளவில் புதிய சுவரொட்டி அச்சிட மூன்று அச்சகங்களிடமிருந்து, தொண்ணூறு நாளைக்கு மாறாத விலைப்புள்ளிகளை, அரக்கு முத்திரையிட்ட உறையில், ஏழு நாளுக்குள் சமர்ப்பிக்கவும்.

எட்டாம் நாள் மூன்றாவது மாடியிலிருந்து ஆள் வந்து பதில் எங்கே என்று கேட்டபோது, அண்ணன் குழாயைத் திறந்துவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடத்தில் முதல் முறையாக அவருக்கு ஒரு கடிதம் வந்து அதற்குப் பதில் போகவில்லை. ஆள் போன பிறகு நான் அவர் மேசையிலிருந்து மெமோவை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் பென்சிலால், அண்ணியின் நோட்டைப் பார்த்து எழுதியிருந்தார். புது எந்திரம் தள்ளிப் போயிற்று, அடுத்த அக்டோபரிலும் தொழிற்சாலை மூடும். செவ்வாய்க்கிழமை. இரண்டு இடத்தில் மாற வேண்டும். கைப்பை ஏழு கிலோ. அதன் கீழே அன்றைய விலை, இரண்டு பேருக்கு, வாங்கியாயிற்று என்று ஒரு டிக்.